திரௌபதியின் மோவாய்க்கு இரண்டு கத்தி

விஜயராகவனுக்கு வயது ஐம்பத்தொன்று. இத்தனை வயதில் மூக்குக்குக் கீழே மீசை என்று ஒன்றை அவர் வைத்ததே கிடையாது. முளைக்காத ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். காலையில் மழித்தால் சாயங்காலத்துக்குள் மோவாய் முழுக்கக் கருகருவென்று கிளம்பிவிடுகிற உடம்பு அது. அப்படிப்பட்ட தாடிக்காரர் ஒருவர் இருபத்தேழு வருஷமாகத் தெருக்கூத்தில் திரௌபதி வேஷம் கட்டுகிறார் என்றால், அந்தப் பாடு யாருக்குத் தெரியும்? அவருக்குத் தெரியும், அவர் சம்சாரம் தைலம்மாளுக்குத் தெரியும், மூங்கில்துறைப்பட்டில் சலூன் வைத்திருக்கும் பழனிக்குத் தெரியும். மற்றவர்களுக்கு அந்தக் கவலை எதற்கு?

கரும்பு அரவை நடக்கிற மாசங்களில் அவருக்குச் சர்க்கரை ஆலையில் வேலை. யார்டில் வரிசை கட்டி நிற்கும் டிராக்டர்களுக்கு டோக்கன் கொடுக்க வேண்டும். காக்கிச் சட்டை, கையில் ஒரு அட்டை, காதில் ஒரு பேனா. ஆனால் டிரைவர்கள் யாரும் அவரை சார் என்று கூப்பிட்டதில்லை. "அம்மா, நம்ம வண்டியக் கொஞ்சம் கவனிம்மா" என்பார்கள். அவரும், "வரிசைல நில்லுடா துச்சாதனா" என்று பதில் சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுவார். கோபம் வருமா என்று கேட்டால், எதற்கு வர வேண்டும் என்று திருப்பிக் கேட்பார்.

பெண் பார்க்கப் போன கதை இன்னும் வேடிக்கை. தியாகதுருகத்தில் தைலம்மாள் வீட்டுக் கூடத்தில் போய் உட்கார்ந்ததும், பெண்ணின் சித்தப்பா மாப்பிள்ளையின் மொழுமொழு உதட்டைப் பார்த்துவிட்டுப் பதறிப்போனார். "ஏம்ப்பா, வூட்ல ஏதாவது கெட்டது நடந்துட்ச்சா? நாள் தள்ளி வந்திருக்கலாமே?" என்று துக்கம் விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். மீசையை எடுத்த ஆண்பிள்ளை என்றால் சாவு வீட்டுக்காரன்தானே! உள்ளே நின்றிருந்த தைலம்மாள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அவளுக்கு ஆளை ஏற்கெனவே தெரியும். அந்த வருஷம் அவர்கள் ஊர்த் திருவிழாவில் திரௌபதியாக நின்றவர் அவர்தான். "நான் மொதல்ல பாத்தது இவர இல்ல, அந்தம்மாவ. அந்தம்மா புடிச்சிருந்துது, இவரக் கட்டிக்கினேன்" என்று இன்றைக்கும் சொல்வாள்.

ராத்திரிக் கூத்தில் தாடி ஒரு பிரச்சினையே இல்லை. விளக்கு வெளிச்சம் தாராள மனசுக்காரி, எதையும் மூடி மறைத்துவிடுவாள். தகராறு படுகளத்தன்றுதான். பாரதத் திருவிழாவின் கடைசி நாளில், மண்ணால் நாற்பது அடி நீளத்துக்குத் துரியோதனனைச் செய்து வெட்டவெளியில் படுக்க வைத்திருப்பார்கள். விடிய விடியப் பதினெட்டாம் போர் ஆடிவிட்டு, காலை பத்து மணிக்கு அத்தனை பேரும் வேஷத்தோடு அங்கே போவார்கள். பீமன் அந்த மண்தொடையில் அடிப்பான். அதற்குள் புதைத்து வைத்த குடம் உடைந்து சிவப்புத் தண்ணீர் கொப்பளிக்கும். அதைத் தொட்டுத் தலையில் தடவித்தான் திரௌபதி தன் விரிந்த கூந்தலை முடிப்பாள். கேமராவைத் தூக்கிக்கொண்டு ஊரே திரண்டு நிற்கிற பட்டப்பகல் அது.

இதில் ஒரு கட்டுப்பாடும் உண்டு. சாயங்காலம் ஆறு மணிக்கு முகம் மழித்து, அரிதாரம் பூசி, கற்பூரம் காட்டியாகிவிட்டால் அவ்வளவுதான். கூந்தல் முடிகிற வரைக்கும் வேஷத்தைக் கலைக்கக் கூடாது, முகத்துக்குக் கிட்டே கத்தி வரக் கூடாது, பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக் கூடாது. ஆக ஆறு மணிக்குப் போட்ட சவரம் மறுநாள் பத்து மணி வரைக்கும் தாங்க வேண்டும். பதினாறு மணி நேரம்! அவர் மோவாய்க்குப் பதினாறு மணி நேரம் என்றால் ஒரு போகம் விளைந்து அறுப்புக்கு வந்துவிடும்.

போன வருஷம் வந்தது வினை. யாரோ ஒரு புண்ணியவான் படுகளத்தில் திரௌபதியின் முகத்தை போனில் பெரிதாக்கி வீடியோ எடுத்து, 'அம்மாவுக்கு ரெண்டு நாள் தாடி' என்று எழுதி வாட்ஸ்அப்பில் விட்டுவிட்டான். அது பத்து ஊர் குரூப்பைச் சுற்றிவிட்டு, கடைசியில் அவர்கள் கூத்து ஜமாவின் வாத்தியார் நாராயணசாமியின் போனிலேயே வந்து விழுந்தது. ஜமாவுக்கு மாசியிலிருந்து ஆடி வரை மூச்சுவிட நேரமில்லாமல் தேதி கொடுத்திருக்கிற மனுஷன் அவர். இந்த வருஷம் முதல் ஆட்டத்தன்று விஜயராகவனைத் தனியாகக் கூப்பிட்டு அந்த வீடியோவைக் காட்டினார்.

"ராகவா, நானா ஒண்ணும் சொல்லல. சனங்க பேசறதச் சொல்றேன்."

"சொல்லுங்க வாத்தியாரே."

"சித்திரை கடைசில வடக்கனந்தலத் தாண்டி ஒரு படுகளம் இருக்குது. அதுலயும் மோவாய் இந்த மாதிரி தெரிஞ்சா, அடுத்த வருசத்துலேர்ந்து திரௌபதிய அறிவுச்செல்வன் கட்டட்டும். நீ குந்திக்கு வந்துடு."

குந்தி! வெள்ளைச் சேலையை முக்காடாக இழுத்துப் போட்டுக்கொண்டு, ஓரமாக நின்று இரண்டு பாட்டு அழுதுவிட்டு உள்ளே போகிற வேஷம். முக்காட்டுக்குள் மோவாய் என்ன, முழுத் தாடியே இருந்தாலும் யார் பார்க்கப் போகிறார்கள்? அறிவுச்செல்வன் கள்ளக்குறிச்சியில் செல்போன் கடையில் வேலை பார்க்கிறவன், இருபத்துநாலு வயது, கன்னம் வழவழவென்று இருக்கும், குரலும் சுத்தம். அவன்மேல் விஜயராகவனுக்குத் துளி வருத்தமில்லை. வருத்தமெல்லாம் தன் மோவாயின் மேல்தான். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், ஒரு வாய்கூட இறங்கவில்லை. இருபத்தேழு வருஷமாகப் பெண்கள் தன்னைப் பார்த்துக் கைகூப்பி நின்றதை அவரால் விட முடியவில்லை. அது ஆசைதான், பேராசை என்றாலும் சரி, அவருக்கு அது வேண்டும்.

மறுநாளே தைலம்மாளையும் கூட்டிக்கொண்டு பழனி கடைக்குப் போனார். பழனியும் அவரும் எட்டாவது வரை ஒரே பெஞ்சு. விஷயத்தைச் சொல்லி முடித்த கையோடு பழியையும் தூக்கிப் போட்டார்.

"எல்லாம் நீ பிளேடு கத்திக்கு மாறின அப்புறம்தான்யா. பழைய கத்தில போட்டப்ப எனக்கு இந்தக் கேடு வந்துதா?"

பழனிக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. கையிலிருந்த துண்டை உதறிப் போட்டார்.

"யோவ், அந்தத் தீட்டற கத்திய வெச்சிக்கினு நான் பட்ட பாடு உனக்கு இன்னா தெரியும்? கடை தொறக்கறதுக்கு முன்ன கல்லுல தீட்டணும். ஆளுக்கு ஆளு தோல் வாருல இழுக்கணும். மழைக்காலம்னா துரு புடிச்சிக்கும். கை தவறிக் கீழ வுட்டா முனை போச்சி. ஒருத்தன் மொகத்துல பட்டதே அடுத்தவன் மொகத்துலயும் படும். இப்ப பாரு, பிளேட பேப்பரோட ரெண்டா ஒடைக்கறேன், பாதிய கத்தில சொருவறேன், வேலை முடிஞ்சா கழட்டித் தூக்கிப் போட்டுடறேன். நாற்காலில வந்து குந்தறவன் மொதல்ல என் மூஞ்சியப் பாக்கறதில்ல, புது பிளேடு போடறேனான்னுதான் பாக்கறான். நீயுந்தான் பாக்கற!"

"பாக்கறேன், இல்லன்னு சொல்லல. ஆனா அந்தக் கத்தி போட்டா மொகம் குளிர்ச்சியா இருக்கும். இது போட்டா எரியுது."

"வயசாயிடுச்சி, எரியுது."

"எனக்கா உனக்கா?"

வாசல் பெஞ்சில் பையோடு உட்கார்ந்திருந்த தைலம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "இன்னாத்துக்கு ரெண்டு பேரும் இப்படி மல்லுக்கு நிக்கறீங்க? கன்னம் ரெண்டு இருக்குது, கத்தியும் ரெண்டு இருக்குது. ஒரு பக்கம் அது, ஒரு பக்கம் இதுன்னு போட்டுட்டுக் காலைல பாக்க வேண்டியதுதான?" என்றாள்.

இரண்டு ஆண்பிள்ளைகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை நேரம் இது நமக்குத் தோன்றாமல் போயிற்றே என்கிற பார்வை.

ஆட்டம் இல்லாத ஒரு சனிக்கிழமை சாயங்காலம், சரியாக ஆறு மணிக்கு விஜயராகவன் வீட்டில் பரீட்சை தொடங்கியது. எண்ணெய்த் துணியில் சுற்றி வீட்டு டிரங்குப் பெட்டியில் போட்டிருந்த பழைய கத்தியை எடுத்து, ஒரு நாள் முழுக்கத் தீட்டி, பழனி கொண்டுவந்திருந்தார். தைலம்மாள் அதைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்த பிறகுதான் புருஷன் கன்னத்துக்கு அனுமதித்தாள். மூக்கு நுனியிலிருந்து மோவாய்க் குழி வரைக்கும் குங்குமத்தால் ஒரு எல்லைக்கோடு போட்டாள். வலது பக்கம் பிளேடு கத்திக்கு, இடது பக்கம் பழைய கத்திக்கு.

வலது பக்கம் சரக் சரக்கென்று நாலே நிமிஷத்தில் முடிந்தது. பிளேடு கத்தி எடையே இல்லாதது, போன இடமும் தெரியாது வந்த இடமும் தெரியாது, அதன் வேகம் அப்படி. இடது பக்கத்துக்குப் பழைய கத்தியை விரித்ததும் பழனியின் தோளே கொஞ்சம் தளர்ந்தது. அந்தக் கத்திக்குத் தன் எடையே போதும். கை அழுத்தவே வேண்டாம், வைத்துவிட்டு வழி காட்டினால் அதுவாக இறங்கிப் போகும். விஜயராகவன் கண்ணை மூடினார், குறட்டைகூட லேசாக வந்தது. "இன்னாங்க, தூங்கறதுக்கா இங்க குந்தியிருக்கீங்க?" என்று தைலம்மாள் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது.

பிறகு இரண்டு பக்கமும் அரிதாரம் பூசினார்கள். சும்மா தூங்கினால் பரீட்சை சரியாக வராது, கூத்தாடினால் வியர்க்குமே என்று தைலம்மாள் அவரை விடியும்வரை உட்கார வைத்து, நடுநடுவே நாலு அடவு ஆடவும் வைத்தாள். காலையில் பாத்திரம் கழுவ வெளியே வந்த பக்கத்து வீட்டுப் பெரியநாயகி, லுங்கியும் பனியனும் வெள்ளை முகமுமாக முற்றத்தில் சுற்றிக்கொண்டிருந்தவரைப் பார்த்துவிட்டுச் சத்தம் போடாமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பத்து மணிக்கு வெயிலில் நிறுத்தி வைத்துத் தைலம்மாளும் பழனியும் முகத்தை ஆராய்ந்தார்கள். வலது பக்கத்தில் முடி தலைகாட்டவே இல்லை. ஆனால் தோல் முழுக்கச் சிவப்புச் சிவப்பாகப் பொரிந்திருந்தது, பொரிந்த இடத்திலெல்லாம் அரிதாரம் வெடித்து நின்றது. இடது பக்கத்தில் தோல் பச்சைப் பிள்ளைக்கு இருக்கிற மாதிரி இருந்தது, ஆனால் அடியிலிருந்து நீலம் பூத்துவிட்டிருந்தது.

தைலம்மாள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்ந்து நின்று பார்த்தாள். "இப்படி நின்னு பாத்தா பொம்பள, ஆனா வேர்க்குரு வந்த பொம்பள. அப்படி நின்னு பாத்தா நல்லா இருக்குற ஆம்பள" என்றாள். எவ்வளவு அடக்கியும் முடியாமல் மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். சிரிப்பு அடங்கியதும் விஜயராகவன் படியில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப குந்திதான்" என்றார்.

பழனி பிளேடு கத்தியை எடுத்துத் தன் முன்கையில் வைத்து இழுத்துப் பார்த்தார். பழைய கத்தியால் இழுத்துப் பார்த்தார். மறுபடி பிளேடு. கொஞ்ச நேரம் கழித்துத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "தப்பு என்னுதுயா ராகவா" என்றார்.

விஷயம் இதுதான். முப்பது வருஷம் பழைய கத்தி பிடித்த கை அது. பழைய கத்தியில் முதல் இழுப்பு முடி படிந்த போக்கில், இரண்டாவது இழுப்பு எதிர்ப்போக்கில், தோலை நன்றாக இழுத்துப் பிடித்துக்கொண்டு. அந்தக் கத்திக்கு அது பொருந்தும். பிளேடு அதைவிடக் கூர்மை, எடையும் கிடையாது. கைக்குப் பாரம் தெரியாததால் பழனி தன்னை அறியாமல் அழுத்தியிருக்கிறார். தோலை இழுத்துப் பிடித்து, அழுத்தி, எதிர்ப்போக்கில் போனால் பிளேடு முடியைத் தோலுக்கு உள்ளே போய் நறுக்கிவிடுகிறது. தோல் பொரியாமல் என்ன செய்யும்? போன வருஷம் வீடியோவில் தாடியாகத் தெரிந்ததும் இந்தப் பொரிதான். கத்தியை மாற்றிய மனுஷன் கையை மாற்றவில்லை. மாற்ற வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவுமில்லை, இத்தனை வருஷ அனுபவக்காரரிடம் யார் போய்ச் சொல்வார்கள்?

"ஒரு மாசம் குடு. குந்தியும் வாணாம் ஒண்ணும் வாணாம்" என்று சொல்லிவிட்டுப் பழனி பெட்டியை எடுத்துக்கொண்டு போனார்.

அந்த மாசம் பழனி கடையில் நடந்த கூத்தைப் பார்த்தவர்கள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். மத்தியானம் ஆள் இல்லாத நேரத்தில், பலூனை ஊதிக் கட்டி, சோப்பு நுரை தடவி, பிளேடு கத்தியால் அதற்குச் சவரம் செய்துகொண்டிருப்பார். சவரம் கற்றுக்கொள்கிற பசங்கள் செய்கிற வேலை அது. ஐம்பத்தொரு வயதில், சொந்தக் கடையில், கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து அவர் செய்தார். பலூன் வெடிக்கிற ஒவ்வொரு தடவையும் எதிர் மளிகைக் கடை சுப்புராயன், "இன்னா பழனி, கஸ்டமர் பூட்டாரா?" என்று குரல் கொடுப்பார். முதல் வாரம் பதினோரு பலூன் போயிற்று. நாலாவது வாரம் ஒன்றுகூடப் போகவில்லை. சனிக்கிழமை சனிக்கிழமை விஜயராகவன் முகத்திலும் பார்த்து, கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். முதல் இழுப்பு பழைய கத்தியில், முடி படிந்த போக்கிலேயே, முரட்டு வேலையை அது முடித்துவிடும். பிறகு வெந்நீர்த் துண்டு. பிறகு புது பிளேடு, அழுத்தாமல், குறுக்குப்போக்கில் மட்டும், மேலுதட்டுக்கும் மோவாய்க்கும். எதிர்ப்போக்கு என்கிற பேச்சே கிடையாது. பதினாறு மணி நேரம் கழித்துத் தைலம்மாள் புறங்கையால் தடவிப் பார்த்துவிட்டு, "இப்ப பொம்பளதான்" என்று சான்று கொடுத்தாள்.

படுகளத்துக்கு முந்தின நாள் பழனி கடையைப் பூட்டிவிட்டு அவர்களோடேயே பஸ் ஏறினார். கள்ளக்குறிச்சியில் இறங்கி, வடக்கனந்தல் வண்டி பிடித்து, அங்கிருந்து மலையடிவாரத்து ஊருக்கு. பள்ளிக்கூட வராந்தாவில் ஆறு மணிக்கு இரண்டு கத்தியும் தங்கள் தங்கள் வேலையைச் செய்தன. ஒரு பொட்டு ரத்தமில்லை, ஒரு எரிச்சலில்லை. நாராயணசாமி வாத்தியார் வந்து கன்னத்தைத் தடவிப் பார்த்து, "ம்" என்றார். அவர் வாயிலிருந்து அந்த 'ம்' வருவதே பெரிய விருது. அரிதாரம் ஏறியது, கற்பூரம் காட்டினார்கள், ராத்திரி முழுக்கக் கூத்து கச்சிதமாகப் போயிற்று.

விடிகாலையில் பிடித்துக்கொண்டது கோடை மழை. மலைப்பக்கமிருந்து கருத்துக்கொண்டு வந்து ஒரு மணி நேரம் கொட்டிவிட்டுப் போயிற்று. வெளிச்சம் வந்த பிறகு ஓடிப்போய்ப் பார்த்தால், மண் துரியோதனன் முகம் இருக்கிறது, கிரீடம் இருக்கிறது, வயிறு இருக்கிறது, வலது தொடையைக் காணோம். கரைந்து வரப்போரம் சேறாகக் கிடந்தது.

"தொடை இல்லாத துரியோதனன எந்தப் பீமன்டா அடிப்பான்?" என்று வாத்தியார் தலையில் கை வைத்துக்கொண்டார். ஊர்க்காரர்கள் டிராக்டரில் மண் கொண்டுவந்து கொட்டி, தண்ணீர் வடிய வைக்கோல் போட்டு, மறுபடி தொடையைப் பிசைய ஆரம்பித்தார்கள். பத்து மணி ஆயிற்று. பதினொன்று ஆயிற்று. மண் நிற்கவில்லை, சரிந்து சரிந்து விழுந்தது.

வராந்தாவில் காத்திருந்த விஜயராகவனுக்குக் கடிகாரம் தேவைப்படவில்லை. புறங்கையால் மோவாயைத் தொட்டால் மணி தெரிந்தது. பதினொன்றுக்குச் சொரசொரப்பு. பன்னிரண்டுக்குக் குத்தல். பழனி பெட்டியோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், அவர் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. ஒரு மாச உழைப்பு கண் முன்னால் முளைத்துக்கொண்டிருந்தது.

"ராகவா," என்று குரலைத் தாழ்த்தினார் பழனி. "ஒரே இழுப்பு. மோவாய்க்கு மட்டும். மேல வெள்ளை தொட்டு வெச்சிடலாம். யாரும் பாக்கல."

"வாணாம்யா. கற்பூரம் காட்டிட்டாங்க."

"குந்தி ஆயிடுவய்யா நீ!"

"ஆனா ஆயிட்டுப் போறேன். வாணாம்."

சொல்லிவிட்டாரே தவிர, ஒரு மணிக்குத் தொடை ஒருவழியாக நின்று, மேளம் கூப்பிட்டபோது காலை எடுத்து வைக்கவே பயமாக இருந்தது. மழை கழுவிவிட்ட வெயில், சுள்ளென்று, ஒரு நிழலுக்கு இடமில்லாமல் அடித்தது. இரண்டு பக்கமும் போன்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஜனம். வெயில் நேராகத் தன் மோவாயின் மேல்தான் விழுகிறது என்று அவருக்குப் பட்டது. தலையைக் கொஞ்சம் குனிந்தபடியே போனார்.

ஆனால் படுகளத்தில் நின்று, விரித்த கூந்தலோடு முதல் அடியை எடுத்துப் பாடியதும் மோவாய் மறந்துபோயிற்று. சபையில் இழுத்து வரப்பட்டவளுக்கு மோவாய் எங்கே ஞாபகம் இருக்கும்? தலை தானாக நிமிர்ந்தது. பீமன் அடித்தான், குடம் உடைந்தது, சிவப்பு பொங்கியது. அள்ளித் தலையில் தடவி, பூ வைத்துக் கூந்தலை முடிந்தபோது கூட்டத்திலிருந்து எழுந்த குலவைச் சத்தத்தில் அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

பிறகு அவரை ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பெண்கள் வரிசையாக வந்து பூ வைத்துக் குங்குமம் வாங்கிக்கொண்டு போனார்கள். மூச்சு நிதானப்பட்டதும் பயம் திரும்பி வந்தது. வியர்வையில் மோவாயின் வெள்ளை கரைந்து, ஒரு விரல் அகலத்துக்கு நீலம் தெரிந்தது. நாலு அடி தள்ளி நின்ற வாத்தியாரின் கண் நேராக அங்கேயே இருந்தது. பக்கத்தில் வந்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

அதற்குள் வரிசையின் கடைசியிலிருந்த ஒரு பெண் முந்திக்கொண்டு வந்து நின்றாள். பேர் சின்னப்பொண்ணு, கல்வராயன் மலைமேல் சாமையும் தினையும் போடுகிற குடும்பம், அன்றைக்குக் காலை பஸ்ஸில் இறங்கி வந்தவள். பூ வைக்கவில்லை, குங்குமமும் கேட்கவில்லை. இரண்டு கையாலும் திரௌபதியின் மோவாயைப் பிடித்துக்கொண்டாள்.

"தாயே, எம்பொண்ணு கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரில இருக்குது. தலைச்சன் பிரசவம். ரெண்டு நாளா வலி எடுத்துக்கினு கெடக்குது. ரெண்டு உசுரையும் எங்கைல குடுத்துடு தாயே, உன் மோவாயப் புடிச்சிக் கேக்கறேன்."

விஜயராகவன் மூச்சைப் பிடித்துக்கொண்டார். கும்பிட வந்த யாரும் இதுவரைக்கும் அங்கே கை வைத்ததில்லை. இதோ இழுத்துக்கொள்ளப் போகிறாள், இதோ முகம் மாறப் போகிறது என்று காத்திருந்தார். கண்ணை மூடிக்கொள்ளலாமா என்றிருந்தது. அவள் கையை எடுக்கவில்லை. அறுத்து அறுத்துக் காய்த்துப்போன விரல்களால் அந்தச் சொரசொரப்பை ஒரு தடவை வருடிப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தையே உற்றுப் பார்த்தாள்.

"ஐயோ, மொகமெல்லாம் இப்படி முள்ளு முள்ளா ஆயிப்போச்சே உனக்கு! ராவெல்லாம் முழிச்சி, மழையில நனைஞ்சி, வெயில்ல காஞ்சி... நாங்க ஆளாளுக்கு வந்து எங்க கஷ்டத்தையே சொல்லிக்கினு இருக்கோம். ஒரு வாய் தண்ணி குடிச்சியான்னு கேக்க உனக்கு ஆளில்லையே தாயே."

தோளில் தொங்கிய பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துத் திறந்தாள். ஒரு கையால் மோவாயைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். நேற்றுச் சாயங்காலத்திலிருந்து தண்ணீர் படாத தொண்டை அது. விஜயராகவன் மடக் மடக்கென்று குடித்தார். குடித்து முடித்ததும் அவள் நெற்றியில் குங்குமம் வைத்தார். அவள் முந்தானையால் அவர் வாயைத் துடைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

அவள் கூட்டத்தில் மறைகிற வரைக்கும் வாத்தியார் அந்தத் திசையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து, நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னார்.

"அடுத்த வருசமும் நீதான்டா கட்டற. அழாத ராகவா, அரிதாரம் கரையுது. சாயங்காலம் இன்னும் தீமிதி இருக்குது."